முப்பதுக்குக் குறையாமல்

1932 ஓகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மாவட்டக் கல்விக் குழு கூடியது. வந்திருந்தோர் ஒன்பது பேர். மாணவர் வரவு முப்பதுக்குக் குறைந்த தேயிலைத் தோட்டப் பள்ளிகளுக்கு அரசாங்க மானியத்தை நிறுத்தவேண்டும் என்பது தீர்மானம். முன்மொழிந்தவர் வழக்கறிஞர், ஊர்வழக்கில் பிறக்கிறாசி, வை. பரமநாதன். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை.

எதிர்ப்பதற்கென்றே அந்தக் குழுவுக்கு வருகிறவர் என்று பரமநாதனைச் சொல்வார்கள். அதிகாரி ஒருவர் ஓர் எண்ணை வாசித்துவிட்டால் போதும், குடையைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். “எண்ணினது ஆர்? நிண்டு எண்ணினதோ, கதிரையிலை இருந்து எண்ணினதோ?” ஐந்து ஆண்டுகளாக இதே கேள்வி. சந்தைக்குப் போனால் வெற்றிலையை ஒவ்வொன்றாக எண்ணித்தான் வாங்குவார். அவருடைய மனைவி பத்மாதேவி, “வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான். படுக்க முதல் ஒருக்கா எண்ணிப் பாக்கிறியளோ?” என்று சிரிப்பார்.

அரசாங்கத்தின் கல்விக் கொள்கையைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து ஒன்றே. அதை நீதிமன்ற வாசலிலும் தேநீர்க் கடையிலும், 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்ற இரவில் ஆதரவாளர் முன்னிலையிலும் அவர் சொல்லியிருக்கிறார். “தோட்டத்துத் துரை பள்ளிக்கூடம் எண்டு மானியம் வாங்கிறான். பிள்ளை மலையிலை கொழுந்து எடுக்குது. காசை நிப்பாட்டினால் துரைமார் பிள்ளையளைப் பள்ளிக்கு விடத்தான் வேணும். விடாட்டி அரசாங்கமே பள்ளியை எடுத்து நடத்தட்டும்.” தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியபோது அவருக்கே வியப்பு. மானியச் செலவு குறையும் என்று அதிகாரிகள் அன்று முகம் மலர்ந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஆறு மாதங்களில் தோட்டப் பள்ளிகளின் வரவு உயர்ந்துவிட்டதாக அறிக்கைகள் வந்தன. அறிக்கையை நம்பாத மனிதர் அல்லவா? 1933 மார்ச் 7ஆம் திகதி, பள்ளிப் பரிசோதகருடன் தாமும் வாடகைக் காரில் ஏறி வத்தேகமைக்கு மேலேயுள்ள மலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டார்.

காலையில் கல்லுமலைத் தோட்டத்துப் பள்ளி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறைதான் பள்ளி. அந்தக் காம்பராவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி மற்றவர்களை முந்திக்கொண்டு உரத்த குரலில் ஆத்திசூடி சொன்னாள். பரமநாதன் பூரித்துப் போனார். “பாத்தியளோ? இறுக்கிப் பிடிச்சால் எல்லாம் நடக்கும்” என்று பரிசோதகரிடம் பெருமையாகச் சொன்னார்.

பிற்பகலில் ஊத்துத்தோட்டம். கார் மலையைச் சுற்றி வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. அங்கும் காம்பரா நிறைந்திருந்தது; பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆத்திசூடி சொன்னார்கள். பரிசோதகர் தலைகளை எண்ணினார், முகங்களைப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, துரையின் பங்களாவில் தேநீர் காத்திருப்பதாக அறிந்து நடந்தார். பரமநாதன் பின்தங்கினார். அவரும் நின்றபடியே ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தொன்றுதான். கடைசித் தலையில் வந்து விரல் நின்றது. முன்பல் இல்லாத அதே சிறுமி. அவளுடைய கால்களில் தேயிலைச் செடி கீறிய கோடுகள் இன்னும் ஈரமாக இருந்தன.

“பிள்ளை, நீ காலமை மற்றத் தோட்டத்திலை எல்லோ இருந்தனி?”

“ஆமாங்கய்யா. அங்க நான் கத்தரீனா. இங்க நல்லம்மா.”

“என்ன?”

“நல்லம்மா கொழுந்துக்குப் போயிட்டா. அவளுக்காக நான் வந்திருக்கேன். மத்தவங்களும் குறுக்குப் பாதையில ஓடியாந்தோம்.” அவள் சற்று நிறுத்தி ஆவலோடு கேட்டாள்: “ரெண்டு எடத்துலயும் நல்லா சொன்னேனாங்கய்யா?”

பரமநாதன் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் அந்தப் பள்ளியின் ஆசிரியர், சுவக்கின் என்பவர், தம் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். வந்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது; பரிசோதகரோடு வந்த பெரிய மனிதர் என்றே எண்ணியிருந்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. எங்க புள்ளைங்க இருபத்திரெண்டுதான். மிச்சம் கல்லுமலையில கேட்டு வாங்குனது. அவங்களுக்குக் கொறஞ்சா நாங்க அனுப்புவோம்.”

“இது பொய்யல்லோ, மாஸ்டர்?”

“பொய்தாங்கய்யா. மானியம் நின்னா தொரை இந்தக் காம்பராவுல உரமூட்டை அடுக்கிருவாரு. இந்த இருபத்திரெண்டும் மறுநாளே மலையில நிக்கும்.” ஆசிரியர் தம் குரலைத் தாழ்த்தினார். “முன்ன இப்பிடி இல்லங்க. இருபதோ பதினெட்டோ, உள்ளதச் சொல்லுவோம். போன வருசம் கச்சேரியில யாரோ ஒரு பிறக்கிறாசி ஐயா முப்பதுன்னு சட்டம் கொண்டாந்துட்டாராம். கெட்டவரு இல்லயாம். எங்க புள்ளைங்களுக்காகத்தான் சத்தம் போட்டாராம். அவரப் பாத்தீங்கன்னா நீங்களாச்சும் சொல்லுங்கய்யா.”

“சொல்லுறன்” என்றார் பரமநாதன். காரில் ஏறியவர் கண்டி வந்து சேரும்வரை சன்னலோரம் சாய்ந்து மலைச்சரிவையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த பரிசோதகர், பிறக்கிறாசியாருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து ஆண்டுகளாக அவர் தேடிய சான்று இப்போது அவர் கையில் இருந்தது. தலையை எண்ணிக் காசு கொடுக்கும் கொள்கை பிள்ளைகளைக் கடன் வாங்க வைக்கிறது என்று எழுந்து சொன்னால் சபை அதிரும், பத்திரிகைகள் எழுதும். அரசாங்கம் பள்ளிகளைத் தானே ஏற்று நடத்தவேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் வாதம் வெல்லும் நாளுக்கு முன்பே ஊத்துத்தோட்டத்துக் காம்பரா பூட்டப்பட்டுவிடும். அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பத்மாதேவி காரணம் கேட்டபோது, “நான் போட்ட சட்டம், பத்மா. நான்தான் போட்டது” என்றார்.

மார்ச் 14ஆம் திகதி குழு மீண்டும் கூடியது. பரிசோதகரின் அறிக்கையை வாசித்து முடித்த தலைவர், புன்னகையோடு பரமநாதன் பக்கம் திரும்பினார். இம்முறை உறுப்பினரும் நேரில் போயிருந்தாராமே. ஊத்துத்தோட்டப் பள்ளியின் எண்ணிக்கையை அவர் வாயாலேயே கேட்டுப் பதிந்துவிடலாம் என்றார். மற்றவர்கள் கதிரைகளைச் சற்றுத் திருப்பிக்கொண்டார்கள். வழக்கமான சண்டை ஒன்று தொடங்கப்போகிறது என்று அவர்களுக்கு எதிர்பார்ப்பு.

பரமநாதன் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கண்களை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“நாப்பத்தொண்டு” என்றார்.

பதிவில் எழுதப்பட்டது: 41.