செல்லாமல் போன டோக்கன்

ஏழாம் வகுப்பில் நான் வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளும் விளங்காமல் போனது.

தங்கச்சிமடத்தில் மீன்துறை ஆபீசில் டோக்கன் வாங்காமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. காற்று பலமாக இருந்தால் டோக்கன் கிடையாது. எங்கள் டீச்சர் அந்த வழக்கத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். திங்கட்கிழமை ஆளுக்கொரு அட்டை டோக்கன். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசிவிட்டு, வெள்ளிக்குள் அதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசியவர் பெயர் கரும்பலகையில் ஏறும். என் பெயர் ஏறியதே இல்லை. டீச்சர் என் பக்கம் பார்த்தாலே புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன். அட்டை பைக்குள்ளேயே கிடந்து ஓரம் மடிந்துபோகும்.

அந்த வெள்ளிக்கிழமை புயல் பற்றிய பாடம். எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பையன்கள் கொடி, ரேடியோ என்று அடுக்கினார்கள். எனக்குத் தெரிந்ததும் ஒன்று இருந்தது. அட்டையை நீட்டிக்கொண்டு எப்படியோ எழுந்துவிட்டேன்.

“எங்கய்யா டோக்கன் குடுக்காட்டியும் போவாக, டீச்சர். போன வாரங்கூடப் போனாக. எறாலு அள்ளு அள்ளுன்னு அள்ளிட்டு வந்தாக.”

டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “கனாக் கண்டதையெல்லாம் இங்கன சொல்லக் கூடாது. உக்காரு” என்று என் அட்டையைத் திருப்பிக் கையில் திணித்தார். வகுப்பே சிரித்தது. ஐயோ, எனக்கு வந்த அழுகை!

வீட்டுக்குப் போய் அய்யாவிடம் சொல்லி ஒப்பாரி வைத்தேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அடிப்பாவி மகளே! ஒங்க டீச்சர் வீட்டுக்காரருதான் அந்த ஆபீசுல டோக்கன் குடுக்குறவரு. இனி நம்ம போட்டைக் கட்டிப் போட்டுருவாகளே!”

டீச்சர் வீட்டுக்காரருக்கும் அய்யாவின் தைரியம் தெரியட்டுமே என்றுதான் நான் நினைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அய்யா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். என் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவரோ டீச்சரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எதுக்கு இதெல்லாம்? பிள்ள ஏதோ கனாக் கண்டுச்சு, அம்புட்டுத்தான். காத்துல போகாதீக” என்றார் டீச்சர்.

பேசு பேசு என்று எங்கள் உயிரை வாங்கியவர், வீட்டில் தன் கணவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்ற ஆத்திரம்தான் இருந்தது. அந்த வருடம் முழுவதும், எல்லோரும் எழுந்து அவருக்கு வணக்கம் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைத்தேன்.