சிருதா சோற்றுக்கு அழைத்தாள்

சிருதா நெல் குத்திக்கொண்டிருந்தாள். எங்கள் உரல்புரையில் இருபத்திரண்டு வருஷமாக உலக்கை அவள் கையில்தான். காயும் நெல்லில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பாள். என் மாமியார்கூட அதற்குமேல் பேசமாட்டார்.

மற்றதெல்லாம் மாமியார் வைத்ததுதான் சட்டம். வேலைக்கு வருகிறவர்கள் எங்களைத் 'தம்புராட்டி' என்றும், எங்கள் முன்னால் தங்கள் வீட்டைச் 'சாளை' என்றும், தாங்கள் தின்னும் சோற்றைக் 'கரிக்காடி' என்றும்தான் சொல்ல வேண்டும். வீடும் சோறும் எங்களுக்கு மட்டும். கூலியாக அவர்களுக்குப் போவதும் எங்கள் குதிர் நெல்தான். மருமகளாக வந்த வருஷமே இதைக் கவனித்தேன்; பழகியும் போனேன்.

ஐம்பத்தெட்டில், மேட மாதத்தில் சிருதாவின் மகள் கௌசுவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கண்ணூரில் பீடி சுற்றுகிறவன். கூட நெல் குத்தும் நீலி சீண்டியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

"தம்புராட்டியை எப்படிடீ கூப்பிடப் போறே? சாளைக்கு வாங்கன்னா?"

"அப்படிக் கூப்பிட்டா மாப்பிள்ளை கல்யாணப் புடவை கொடுக்க வரமாட்டானாம். வீட்டுலருந்துதான் பொண்ணு எடுப்பேன், சாளைலருந்து இல்லேன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டான்."

"பீடி சுத்துறவனுக்கு வாய் நீளம். உனக்கு இங்க வேலை போச்சுன்னா அவனா வந்து கஞ்சி ஊத்துவான்?"

"ஊத்துறான், ஊத்தாம போறான். நீ உமியைப் புடை."

போன வருஷம் உழவுக்கு வரும் கோப்பன் வாய் தவறி 'என் வீடு' என்றான். மறுநாளிலிருந்து எங்கள் வயலில் அவனுக்கு வேலை இல்லை. சிருதாவுக்கும் அது தெரியும்.

மாமியார் அரிசி பார்க்க உள்ளே போனார்; நானும் கூடவே போனேன். சிருதா உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். தோளில் கிடந்த துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து இன்னொரு முறத்தில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கௌசுக்குக் கல்யாணம் தம்புராட்டி. எங்க வீட்டுக்கு வரணும். சோறு சாப்பிட்டுத்தான் போகணும். சின்னத் தம்புராட்டி, நீங்களும்."

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். நீலியின் கையில் முறம் நின்றது. மாமியார் வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வரேன்' என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

சிருதா சிந்திக் கிடந்த மணிகளை ஒன்று விடாமல் கூட்டி உரலில் போட்டாள்.

"நாளைக்கு வெயில் அடிச்சா நான் வந்து மிச்ச நெல்லையும் காயப் போட்டுடட்டுமா?" என்று கேட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து வெளியே போனாள்.