எஸ்.எஸ். முந்நூற்று நான்கு, சில்வர் கலர்

போன வாரம் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பேக்கரிக்கு முட்டை பப்ஸ் வாங்கப் போனேன். அடுப்பிலிருந்து எடுத்த பப்ஸ்கள் ஒரு கம்பி வலைத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. வாங்கப் போனவள் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? நான் தட்டின் ஓரத்தைத் தூக்கி, கம்பியும் கம்பியும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கொஞ்சம் உதிர்ந்தது.

“இது சில்வர் இல்லீங்க. இரும்புக்கு மேல பூச்சு. உரியுது பாருங்க” என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் பை, கையில் ஃபோன், முகத்தில் தேவையில்லாத அதிகாரம். “உக்காருங்க மேடம். ஒரு டீ சாப்பிடறீங்களா? ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா?” என்றார். உணவு பாதுகாப்பு அதிகாரி என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. நல்ல டீ.

இந்த வியாதி எனக்குப் பல வருடமாக உண்டு. சிப்ஸ் கடையில் எண்ணெய் வடியும் கூடை, மிக்சர் பட்டறையில் உடைசலைச் சலித்தெடுக்கும் சல்லடை, கருவாடு காயும் தட்டு, கோழி வாட்டும் கம்பி என்று எதைப் பார்த்தாலும் கை போய்விடும். ஒரு கல்யாண மண்டபத்தில் வடைக்கூடையைத் திருப்பிப் பார்த்ததற்கு, “அம்மிணி, பந்தி அந்தப் பக்கம்” என்று சமையல்காரர் விரட்டியிருக்கிறார். பெண்ணுக்கு நகைக்கடை பித்து இருந்தால் ஊர் புரிந்துகொள்கிறது. கம்பி வலைப் பித்து என்றால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதே என்கிறாள் அம்மா.

உரிந்த பூச்சைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பப்ஸ் வாசம் அல்ல, முருங்கைக்கீரை வாசம். குழம்பில் கொதிக்கும் கீரையைச் சொல்லவில்லை. சூடான காற்றில் கிலோக்கணக்கில் காயும் முருங்கை இலைக்கு ஒரு வாசம் உண்டு. பாதி நாட்டு மருந்துக்கடை, பாதி மாட்டுத்தீவனம். முதல் இரண்டு வருடச் சம்பளம் எனக்கு அந்த வாசத்தோடுதான் வந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் முகர்ந்து முகர்ந்து, கடைசியில் என் தலையைப் பார்ப்பார்கள்.

சோமனூர் போகும் வழியில் இருந்தது அந்த ஷெட். எங்கள் முதலாளி அடிப்படையில் பனியன்காரர். ஏற்றுமதி கொஞ்சம் மந்தமான காலத்தில் யாரோ அவர் காதில் முருங்கைப் பொடிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி என்று ஓதிவிட்டார்கள். நிட்டிங் மெஷின்களை ஒரு மூலைக்குத் தள்ளி, தார்ப்பாய் போர்த்திவிட்டு, சூடுகாற்று அறை ஒன்றைக் கட்டினார். நான் அப்படித்தான் சொல்வேன், ‘ஹாட் ஏர் ட்ரையர்’ என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தாலும். அதற்குள் வரிசை வரிசையாகக் கம்பி வலைத் தட்டுகள். தட்டில் இலையைப் பரப்பினால் மேலேயும் கீழேயும் காற்று போய்க் காயும். தகரத் தட்டில் போட்டால் அடியில் வேர்த்து, கறுத்து, கீரை கோபித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். அம்மா நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். துணியில் ஊசி ஓட்டையை ஒரு பார்வையில் பிடிப்பாள், பஸ்ஸின் பெயர்ப்பலகையை என்னிடம் கேட்பாள். நான் பட்டம் வாங்கியதும் எங்கள் சந்து முழுக்க என் பெயர் மாறிவிட்டது: ‘படிச்ச புள்ள’. எனக்கும் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. “செக்கிங் டேபிள்ள மட்டும் என்னை நிக்கச் சொல்லாதீங்க” என்று சந்து நடுவில் நின்று அறிவித்திருந்தேன். அம்மாவின் சூப்பர்வைசர் எனக்காக அவள் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார் என்பது வேறு விஷயம். அந்தக் காலி இடம் எனக்குப் பேய் மாதிரி.

ஷெட்டில் என் வேலைக்குப் பெயர் ‘பர்ச்சேஸ் அசிஸ்டென்ட்’. உண்மையில் மெயில் படிப்பது, படித்ததைப் பெண்களுக்குச் சொல்வது, கொசுவத்தி தீர்ந்தால் வாங்கி வருவது. இலை உருவ ஒரு டஜன் பெண்கள். அவர்களுக்குத் தலைவி ராசாத்தியக்கா. இருபது வருடம் டெய்லராக இருந்து கண் மங்கிக் கீரைக்கு வந்தவர். வாய் மங்கவில்லை.

ஒரு நாள் வாங்குபவர்களிடமிருந்து மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய சாம்பிள் பொடியில் வெள்ளைத் துகள் இருக்கிறதாம். தட்டுகளைப் பார்த்தோம். ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு. தினமும் கழுவிக் கழுவிப் பூச்சு உரிந்திருந்தது. அத்தனை தட்டுக்கும் எஸ்.எஸ். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெல்டு மெஷ் வலை மாற்ற வேண்டும், வியாழக்கிழமை ஆய்வுக்கு ஆள் வருவார், மாற்றாவிட்டால் ஆர்டர் கிடையாது. முதலாளி மூலையில் இருந்த தார்ப்பாயைப் பார்த்து, “இது ஆகலீன்னா மறுபடி நிட்டிங் ஓட்டிக்கலாம்” என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்தக் காலி இடம் கண்ணில் வந்து நின்றது.

வாங்கும் வேலை மட்டும் பனியன் கம்பெனி ஆபீஸ் வழியாகத்தான் நடக்கும். அங்கே பர்ச்சேஸ் பார்த்தவர் கதிர்வேலண்ணன். எட்டாவது வரை படித்தவர். திருப்பூரில் எந்த நூல் எந்தக் கிடங்கில் தூங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘அர்ஜென்ட்லி அரேஞ்ச் எஸ்.எஸ். 304 மெஷ்.’ ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். மூன்று முறை நானே படித்து ரசித்தேன்.

அரை மணியில் ஃபோன் வந்தது.

“ஏங் கண்ணு, மெஷ்ஷுன்னு போட்டிருக்கறயே, கலரு என்னன்னு சொல்லுலயே?”

கலரா? எஸ்.எஸ்.ஸுக்கு என்ன கலர்? எங்கள் வீட்டில் டம்ளரிலிருந்து தூக்குப்போசி வரை அதற்கு ஒரே பெயர்தான். “சில்வர்தானுங்ண்ணா” என்றேன்.

“செரி. வெயிட்டு?”

“கொஞ்சம் கனமாவே இருக்கட்டுங்க.”

“வாஷ் தாங்கோணுமா?”

“தினமும் கழுவுவமுங்க. அதுதான் முக்கியம்.”

“இழுத்தா?”

“தொய்யவே கூடாதுங்க!”

“அகலம்?”

“மூணடிங்க.”

கடைசியாக, “ஸ்டைல் நம்பரு முந்நூத்தி நாலு, இல்லையா கண்ணு?” என்று கேட்டார். ஸ்டைல் நம்பர் என்றால் என்ன என்று எனக்கு ஓர் இடறல் வந்தது. இரும்புக் கடையில் அப்படிச் சொல்வார்கள் போல என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ‘என்னங்ண்ணா கேக்கறீங்க, புரியலீங்க’ என்று இரண்டு வார்த்தை. படித்த புள்ளை எட்டாவது படித்தவரிடம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? “ஆமாங்ண்ணா, கரெக்ட்டு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் டெம்போ வந்தது. இறங்கியவை துணி ரோல்கள். ஓட்டை ஓட்டையாக, பளபளவென்று, சாம்பல் வெள்ளி நிறத்தில் பாலியெஸ்டர் துணி. விளையாட்டு பனியன் தைப்பார்களே, அது. திருப்பூரில் மெஷ் என்றால் அதுதான். எஸ்.எஸ். என்றால் ஸ்பிரிங் சம்மர், வெளிநாட்டுக்காரர்கள் வசந்தத்துக்கும் கோடைக்கும் போட்டுக்கொள்ளும் துணிக்கான சீசன் குறி. முந்நூற்று நான்கு, ஒரு டிசைனுக்கு இடும் ஸ்டைல் நம்பர். இந்த ஊரைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் அந்த வரியை அப்படிப் படிக்க முடியாது. இந்த ஊரில் வேறு எப்படியும் படிக்க முடியாது.

ராசாத்தியக்கா ஒரு முனையை இழுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார். “கீரைக்குக் குளுருதாக்கும்? சட்டை தைச்சுப் போடறமா? அளவெடுக்கோணும், கிளையைக் கொண்டாங்க.” ஷெட்டே சிரித்தது.

முதலாளி வந்தார். பார்த்தார். கதிர்வேலண்ணனை ஃபோனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். “ஏப்பா, புள்ள தெளிவா எழுதியிருக்குது. நீ எதைப்பா அனுப்பி வெச்சிருக்கறே?”

கதிர்வேலண்ணன் சொன்னார்: “என்ற தப்புதானுங்க. எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுங்க. படிச்ச புள்ள சரியாத்தான் எழுதியிருக்கும். நாந்தான் புரிஞ்சுக்கல.”

“இப்படியே போனா உனக்கு அங்க வேற ஆளத்தான் பாக்கோணும்” என்றார் முதலாளி.

கதிர்வேலண்ணன் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். அதுதான் தாங்க முடியவில்லை. கேள்வி கேட்டவர் அவர். கலர் என்ன, கனம் என்ன என்று ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கேட்டவர். பதில் தெரியாமல் பதில் சொன்னவள் நான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எழுத்து என் பக்கம்தான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். முதலாளி ஃபோனை வைக்கப் போனார்.

“இல்லீங்க” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “அவரு எல்லாம் கேட்டாருங்க. கலரு கேட்டாரு, நாந்தான் சில்வருன்னேன். ஸ்டைல் நம்பருன்னாரு, ஆமான்னேன். எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

“புரியலீன்னா கேக்கோணுமா வேண்டாமா?”

“கேட்டா... தெரியாதுன்னு தெரிஞ்சு போயிருமுங்க.”

ஸ்பீக்கரில் கதிர்வேலண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். “சில்வருன்னு சொன்னயே கண்ணு! நாங்கூட டையிங் பட்டறையில சொல்லி அவசரமாப் போடச் சொன்னனே!” முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, “துணிக்குக் காசு நாங் கட்டிக்கறேன். நாளைக்கு நீயே கோயமுத்தூர் போறே. வலை இல்லாம வந்தீன்னா அப்படியே நேரா உங்கூட்டுக்குப் போயிரு” என்றார். அது சிரிப்பு இல்லை.

புதன்கிழமை கோயமுத்தூரில் மூன்று கடை ஏறினேன். ஒவ்வொரு கடையிலும் வெட்கம் கெட்டுக் கேட்டேன். பின்னின வலைக்கும் வெல்டு வலைக்கும் என்னங்க வித்தியாசம்? பின்னினதில் கம்பி மேலும் கீழும் ஏறி இறங்கும், சந்தில் தூசி உட்காரும், கட்டம் நகரும். வெல்டு வலையில் கம்பி சேரும் ஒவ்வொரு இடமும் ஒட்டியிருக்கும், கட்டம் நகராது, கழுவினால் அழுக்கு போய்விடும். 304-ல் காந்தம் ஒட்டாது என்று கேள்விப்பட்டு, கையோடு ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். ஒரு வலையில் லேசாக ஒட்டியது. ஏமாற்றுகிறீர்களா என்று கத்தினேன். “ஒட்டு வெச்ச இடத்துல லேசாப் புடிக்குமுங்க. கம்பியில வெச்சுப் பாருங்க, சண்ட அப்புறம் போடலாம்” என்றார் கடைக்காரர். வைத்துப் பார்த்தேன். காந்தம் கழன்று காலில் விழுந்தது.

ரோலைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், “ஏனுங் அம்மிணி, கோழி எங்க?” என்றார். “முருங்கைக்கீரைக்குங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் சோமனூர் வரும்வரை என் பக்கமே வரவில்லை.

அன்றைக்கே கிரில் பட்டறைக்காரர் வந்து பழைய சட்டங்களில் புது வலையைப் பொருத்தினார். வெட்டிய கம்பி முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. “பனியனுக்குப் பாட்டம் மடிச்சு அடிக்கற மாதிரி உள்ளுக்கு மடி சாமி, கையக் கிழிக்கும்” என்று ராசாத்தியக்கா அவர் தலைமேல் நின்றார். வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்த பெண்மணி ஒரு பஞ்சுருண்டையை எடுத்து ஒவ்வொரு தட்டிலும் தேய்த்தார். பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அந்தத் தட்டு தள்ளுபடி. இரண்டு தட்டில் மாட்டியது. மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ஆர்டர் வந்தது. கதிர்வேலண்ணன் அவர் நாற்காலியில் இருந்தார், நான் என் நாற்காலியில்.

அந்த ஷெட் இன்று இல்லை. முருங்கை பெரிய இடத்துக்குப் போய்விட்டது. அங்கே தட்டுகள் கிடையாது, இலை ஓடும் பட்டையிலேயே காய்ந்து மறுமுனையில் விழுகிறது. நானும் அங்கேதான் பர்ச்சேஸ் பார்க்கிறேன், ஒரு திரையில் பட்டியலைத் தொட்டு. யாரும் ஃபோன் செய்து எதுவும் கேட்பதில்லை. பழைய தட்டுகளை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் போய்விட்டது. எங்கள் சந்தில் இப்போது வீட்டுக்கு ஒரு பட்டதாரி. எதிர்வீட்டுப் பெண் இன்ஜினியர், பின்வீட்டில் நர்சிங், மூலை வீட்டில் இரட்டையர்கள் இரண்டு பேரும் பி.காம். ‘படிச்ச புள்ள’ என்று போன மாதம் யாரோ சந்தில் கூப்பிட்டார்கள். திரும்பினேன். ஐந்து பேர் திரும்பினோம்.