எழுபது யார் வான்கோழி

பியர்ஃபொன்ட்ஸில் வீடு வாங்கியபோதுகூட அருமைநாதன் இவ்வளவு அலட்டவில்லை. இரண்டாயிரத்தெட்டில் கியூபெக்கில் வான்கோழி சுட அனுமதி வந்ததுதான் தாமதம், வேட்டை வகுப்புக்குப் போய் அனுமதிப் பத்திரம் எடுத்து, துவக்கும் வாங்கிவிட்டார். சென்ட் லோரன்ட் பண்டகசாலையில் வாரம் முழுவதும் பெட்டி அடுக்குகிறவர், ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெரிய வேட்டைக்காரர்.

"மகளின்ர முதல் நன்மை விருந்துக்குக் காட்டு வான்கோழிக் கறி. கடைக் கோழி என்ர வீட்டுப் படி ஏறாது!"

கோயில் பங்குச் சனம் முழுவதற்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. கோழிதான் பாக்கி.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை விடிய, கூட வேலை செய்யும் சண்முகலிங்கத்தோடு நாட்டு எல்லைப் பக்கத்து வயலுக்குப் போனார். சண்முகலிங்கம் பேட்டுக்கோழி போலக் குரல் கொடுக்க, தூரத்தில் ஒரு சேவல் வாலை விரித்து ஆடி அசைந்து வந்தது.

"பொறுங்கோ அண்ணை. நாப்பது யார் தூரத்துக்குள்ள வரட்டும். அங்கால எண்டால் சன்னம் சிதறிப் போகும். கோழி சாகாது, காயம்தான் படும். வகுப்பில சொன்னவங்களெல்லே?"

"அது துவக்குப் பிடிக்கத் தெரியாதவைக்குச் சொன்னது."

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. எழுபது யாரில் வெடி வைத்தார். இறகு பறந்தது. சேவல் ஒரு செட்டையை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் ஓடி மறைந்தது. சண்முகலிங்கம் சேற்றில் இறங்கித் தேடத் தொடங்கினார். அருமைநாதனுக்கோ புதுச் சப்பாத்து.

"படேல்லையடாப்பா, வா போவம்."

பட்டது அவருக்கும் தெரியும்.

மறுநாள் கடையில் பெரிய வான்கோழி ஒன்று வாங்கினார். வாய் திறக்கக்கூடாதென்று மனைவி யோசெப்பினிடம் கெஞ்சினார். சரி, சுட்ட கோழியென்றால் பல்லில் சன்னம் கடிபட வேண்டாமா? ஒரு தோட்டாவை உடைத்து, ஈயச் சன்னத்தை மிளகு தூவுவதுபோலக் கறிச்சட்டிக்குள் தூவினார். அட பாவி மனிதா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறோம். இவர் மறைத்த பிறகு மேலே அலங்காரமும் செய்தார்.

ஞாயிறு மதியம், முதல் பந்தியிலேயே பிலோமினம்மாவின் கடைவாய்ப்பல் கடக்கென்றது.

"ஐயோ, என்ர பல்லு!"

அருமைநாதனுக்கு முகமெல்லாம் பல். "சன்னம் அக்கா, சன்னம்! எழுபது யாரில வச்ச வெடியெல்லே!"

சனம் வாயைப் பிளந்தது. ஆளாளுக்குச் சன்னம் பொறுக்கித் தட்டோரத்தில் வைத்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சண்முகலிங்கம் வந்தார். முழங்கால் வரை சேறு. கையிலிருந்த பையைத் திறந்து, இறகும் காலுமாக ஒரு சேவலை வெளியே எடுத்தார்.

"உங்கட கோழி அண்ணை. எனக்கு மனம் கேக்கேல்லை, விடியப் போய்த் தேடினனான். பற்றைக்குள்ள உயிரோட கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. செட்டையில ரெண்டே ரெண்டு சன்னம். நான்தான் முடிச்சு விட்டனான்."

எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டோரத்திலும் ஏழெட்டுச் சன்னம் கிடந்தது. அருமைநாதன் கறிச்சட்டியை மூடினார்.

பிலோமினம்மா உடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, நாங்கள் தின்னுறது என்ன கோழி?"

யோசெப்பினுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"கடைக் கோழி அக்கா. அதை மட்டும்தான் இவர் கிட்ட நிண்டு சுட்டவர்."