எனக்கு வைத்தியமே பார்க்கவில்லையாம்

இது போன வருடம், பொங்கல் வியாபாரம் ஓய்ந்திருந்த நேரத்தில் நடந்தது. செஞ்சி கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கிறேன். வாசலில் நின்றால் ராஜகிரி மலைக்கோட்டை தெரியும். "மேல நல்லா இருக்குமா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "சூப்பரா இருக்கும், போய்ட்டு வாங்க" என்பேன். நான் ஒருநாள்கூட ஏறியதில்லை. உயரம் என்றால் எனக்கு அப்படி ஒரு பயம்.

மகள் சென்னையில் ஒன்பதாவது மாடிக்குக் குடிபோனதும்தான் வம்பு வந்தது. அங்கே போனால் சன்னல் திரையை இழுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் உண்டானாள். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் சென்னையில்தான். "உன்னால முடியலன்னா எங்க மாமியார கூப்டுக்கறேம்மா" என்று அவள் பதமாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் பெண் கடைக்கு வந்தாள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கோட்டையில் ஏறச் சொல்லி ஆய்வு செய்கிறாளாம்.

"இன்னா பாப்பா, என்னை மேல ஏத்தி உருட்டி உடப் போறியா?" என்றேன்.

"எங்க வேணா நின்னுக்கலாம்மா. ஏன்னு கேக்க மாட்டோம், வற்புறுத்தவும் மாட்டோம். அது எங்க ரூல்" என்றாள்.

ஞாயிறுதோறும் காலையில் ஏறினோம். நாடித்துடிப்பைக் காட்டும் பட்டையை என் கையில் கட்டிவிடுவாள். முதல் வாரம் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரராக இருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார், கேலி வேறு பேசியிருப்பார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். போதும் என்றேன், இறங்கிவிட்டோம். யாரும் துரத்தாததாலோ என்னவோ, அடுத்தடுத்த வாரம் நானே கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவுக்கு மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அங்கே வந்து வந்து திரும்பினேன். கடைசி வாரம் ஒரு குரங்கு சாவகாசமாக அதைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்தது. பொல்லாத எரிச்சல் வந்தது எனக்கு. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்துவிட்டேன். அந்தப் பக்கம் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

ஆய்வு முடிந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். கடைக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பாதிப் பேருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தோம்மா. மீதிப் பேர் சும்மா ஏறுனாங்க, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. நீங்க ரெண்டாவது குரூப்பு."

"அப்ப எனக்கு வைத்தியமே பண்லியா நீ?"

"இல்லம்மா. கூட வந்தேன், அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. அவளுக்குப் பிடித்த பச்சை வளையலை எடுத்து மாட்டிவிட்டேன்.

பேத்தி பிறந்தாள். ஒன்பதாவது மாடி பால்கனியில் அவள் துணிகளைக் காயப் போட்டது நான்தான். கால் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினால் உள்ளே வந்து நின்றுவிட்டு மறுபடி போவேன்.

இப்போது பேத்தி சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிறாள். யாரையும் அவள் கையைப் பிடித்து இழுக்க நான் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்குத் தோன்றும்போது அவளே வருவாள் என்று எனக்குத் தெரியும்.