எல்லோரும் சொன்ன ஒரே குறை

வலயக் கல்வி அலுவலகத்தின் செயலமர்வுக்குப் போய் வந்த களைப்பு தீருமுன்பே, அங்கே படித்ததை வகுப்பில் செய்து காட்டச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் தங்கள் பேச்சைப் போனில் வீடியோ எடுத்து இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டு, ஒரு நிறையும் ஒரு குறையும் குரலில் பதிந்து கீழே போட வேண்டும். அதற்கு நான் புள்ளி போட வேண்டும். இருக்கிற வேலை போதாதென்று இது வேறு.

தரம் பத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் நெருக்கி உட்கார்ந்து, ஒருவர் சாப்பாட்டில் ஒருவர் கைவைக்கிறவர்கள். குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? முதல் கிழமை முழுக்க ஒரே "சூப்பர்" மயம். குறை சொல்லாவிட்டால் புள்ளி இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த கிழமை மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் வீடியோ வந்தது. வலயப் பேச்சுப் போட்டிக்கு நாங்கள் நம்பியிருந்தது அவளைத்தான். அதன் கீழே அவளுடைய உயிர்த்தோழி, அக்குறணைப் பிள்ளை, தயங்கித் தயங்கிப் பதிந்திருந்தாள்: "கடைசீல கொஞ்சம் வேகமாப் பேசுற, புள்ள."

குண்டசாலை பஸ்ஸில் நின்றபடி இயர்போனில் மற்றக் குரல்களையும் கேட்டேன். அடுத்தவனும் வேகம் என்றான். அதற்கடுத்தவளும் வேகம். யோசிக்கச் சோம்பல்பட்டு, கையில் அகப்பட்ட குறையை வகுப்பே அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. எல்லோருக்கும் புள்ளி போட்டேன்.

மறுநாள் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஆசிரியர் அறைக்கு வந்து, போட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"அவ சொன்னது சரிதான் டீச்சர். சாப்பிடுறப்ப எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன். இப்ப வாயத் தொறந்தாலே அத்தன பேரு கொரலும் கேக்குது."

சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பெயரை வெட்டினேன்.

பிறகொரு நாள் ஆசிரிய ஆலோசகர் வகுப்பைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். அவளுடைய வீடியோ இருந்த பக்கத்தைத் திரையில் போட்டேன். வீடியோவை அவர் ஓடவிடவில்லை. கீழே வரிசையாகக் கிடந்த குரல்பதிவுகளைப் பார்த்துத்தான் பூரித்துப்போனார்.

"ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பின்னூட்டமோ! நல்லாச் செய்திருக்கிறியள். எங்க அந்தப் பிள்ளை? இதால என்ன பயன் எண்டு ஒருக்கா எழும்பிச் சொல்லட்டுமன்."

அவள் எழும்பி நின்றாள். வகுப்பு காத்திருந்தது. அவரும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளை எப்பவுமே கதைக்காதோ, டீச்சர்?"