திட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம்

என் ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்த படத்தைத் திரையில் போட்டுவிட்டு, அந்த ஆள் வாய் கூசாமல் இந்தியில் பேசினான். "இந்தக் காட்டுல மரமில்லாம கிடக்கிற மொட்டைத் திட்டுகளை யாரும் வெட்டி உண்டாக்கல. இயற்கையா வர்ற அமைப்பு. கணித மாதிரியே நிரூபிச்சிருக்கு." டிராம்பே கழியோர அலையாத்திக் காட்டைத் தூர்த்துக் கிடங்கு கட்ட வந்த கம்பெனியின் ஆலோசகன் அவன். அந்தக் காடு போனால், மழைக்காலத்தில் கடல் ஏறும்போது அதை ஒட்டிய சீத்தா கேம்ப் குடியிருப்பில் எங்கள் அடுப்படிக்குள் தண்ணீர் நிற்கும்.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அது நீ போட்ட படம்லா?"

"ஆமாம்மா."

"பெறவு என்னத்துக்கு ஒக்காந்திருக்க? எந்திரி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் கணித மாதிரி சொல்வது இவ்வளவுதான்: மரத்தின் வேர் பக்கத்துச் சேற்றைப் பிடித்து நிறுத்தும், அதனால் விலகி ஓடும் நீர் சற்றுத் தள்ளி இருக்கும் சேற்றை அரிக்கும். இந்த இரண்டையும் சமன்பாடாக எழுதிக் கணினியில் ஓட்டினால், யார் கையும் படாமலே மொட்டைத் திட்டுகள் தோன்றும். ஆனால் காடு முழுக்கத் தோன்றும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். எங்கள் காட்டில் அப்படியா இருக்கிறது? லாரி போகும் பாதையை ஒட்டி மட்டும் மொட்டை. உள்ளே போனால் ஒன்றுகூட இல்லை. கட்டட இடிபாட்டைக் கொட்டி மரத்தைக் கொன்றுவிட்டு, பழியை என் சமன்பாட்டின் தலையில் கட்டுகிறார்கள்! அந்தத் தூரத்தைப் பற்றி நான் எழுதிய பத்தியை மட்டும் அவன் வசதியாக விட்டுவிட்டான்.

எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். பேசுகிறவர் முதலில் பெயரும் வீட்டு முகவரியும் சொல்ல வேண்டும். சொன்னேன். பிறகு திட்டுகளையும் தூரத்தையும் லாரிப் பாதையையும் விளக்கினேன். மேடையிலிருந்த அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். அந்த மரியாதையை நம்பித் தொலைத்தேன்.

"மேடம், நீங்க சீத்தா கேம்ப்ல குடியிருக்கீங்க. அப்போ இது குடியிருக்கிறவங்க புகார். டெக்னிக்கல் கருத்தா எடுத்துக்க முடியாது."

"சாப், அந்தக் கட்டுரையை எழுதினதே நான்தான்."

"கட்டுரையைத்தான் கம்பெனி காட்டின ஆதாரமா ஏத்துக்கிட்டோமே!"

ஆலோசகன் தலையாட்டினான். கீழே இருந்த குமாஸ்தா என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டே, சரிதானா என்று எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்: "வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது."

வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.